திருடன் பொய் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது

"வங்கிக் கொள்ளைக் கதை ஒண்ணு வெச்சிருக்கேன் சார்" என்று மாதத்துக்கு ஒரு தம்பியாவது என் வீட்டுப் படியேறுகிறார். போன மாதம் ஒரு தங்கையும் வந்தார். காபி வருவதற்குள் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'இன்சைட் மேன்' பார்த்தாச்சா? "பார்த்துட்டேன் சார், செம ட்விஸ்ட்." எத்தனை தடவை? "ஒரு தடவை." ஒரு தடவை பார்ப்பது டிக்கெட் காசுக்கு. எழுதப் போகிறவர் மூன்று தடவை பார்க்கணும், மூன்றாவது தடவை கையில் நோட்டோடு.

2006 மார்ச்சில் வந்த நியூயார்க் படம். இயக்கம் ஸ்பைக் லீ. எழுதியவர் ரஸல் கெவிர்ட்ஸ். முன்பு வக்கீலாக இருந்தவர், இதுதான் அவருடைய முதல் திரைக்கதை. (கொள்ளையனின் பெயர் டால்டன் ரஸல். எழுதியவர் தன் பெயரில் பாதியைத் திருடனுக்குக் கொடுத்திருக்கிறார், கவனித்தீர்களா?) டென்சல் வாஷிங்டன் துப்பறிவாளர் ஃப்ரேஸியர், கிளைவ் ஓவன் கொள்ளையன். சுமார் 4.5 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 18 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

1. உண்மையை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்

படம் தொடங்கியதும் டால்டன் கேமராவைப் பார்த்துப் பேசுகிறான். தான் யார், எங்கே இருக்கிறான், என்ன செய்தான், எப்போது, எதற்காக என்று வரிசையாகச் சொல்கிறான். 'எப்படி' என்பதை மட்டும் நமக்கு மிச்சம் வைக்கிறான். பின்னால் ஒடுக்கமான அறை, மங்கிய வெளிச்சம். மாட்டிக்கொண்டான், ஜெயிலில் உட்கார்ந்து பேசுகிறான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சிறை அறை என்று வர்ணிக்கலாம் என்கிறானே தவிர, 'ஜெயிலில் இருக்கிறேன்' என்று அவன் சொல்லவில்லை. சொல்லப் போனால், சின்ன அறையில் அடைந்து கிடப்பதும் சிறையில் இருப்பதும் ஒன்றல்ல என்று நம் முகத்துக்கு நேராகவே எச்சரிக்கிறான். அந்த அறை, கொள்ளை நடந்த அதே வங்கியின் ஸ்டோர் ரூமில், பொய்ச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. கடைசியில்தான் அது தெரிகிறது. போலீஸ் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் வங்கிக்குள்ளேயே ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த அறைக்குக் கம்பி போட்டது நாம்தான், படம் போடவில்லை. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை இது. புதிதாக எழுதுகிறவர்கள் ஃப்ளாஷ்பேக் ஒன்றைக் காட்டிவிட்டு, க்ளைமாக்ஸில் "அது அப்படி நடக்கவே இல்லை" என்று இன்னொரு ஃப்ளாஷ்பேக் காட்டுகிறார்கள். அதை ட்விஸ்ட் என்றா சொல்வது? கடையில் நல்ல தக்காளியை மேலே அடுக்கி, அடியில் அழுகலை நிறுத்துக் கொடுக்கிற வேலை அது. டால்டன் போலீஸிடம் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் தொழில் அது. ஆளில்லாத அறையில் பார்வையாளரிடம் பேசும்போது அவனும் உண்மைதான் பேசுகிறான். இரண்டாவது தடவை பார்க்கும்போது அந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்கும், ஆனால் ஒரு சொல்கூடத் தப்பாக இருக்காது. உங்கள் முதல் காட்சியை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள்.

2. பழைய கேள்வியைத் தூக்கிப் போடுங்கள்

கொள்ளை நடக்கும்போதே, இடையிடையே, வெளுத்துப்போன நிறத்தில் விசாரணைக் காட்சிகள் வருகின்றன. தப்பி வந்த பணயக்கைதிகள் ஃப்ரேஸியருக்கும் அவர் கூட்டாளி மிட்செலுக்கும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அதாவது இவர்கள் உயிரோடு வெளியே வரப்போகிறார்கள், கொள்ளையன் யார் என்பது அதற்கப்புறமும் போலீஸுக்குத் தெரியாது. இரண்டையும் படம் பாதியைத் தாண்டும் முன்பே நம் கையில் கொடுத்துவிடுகிறது. சாவார்களா, மாட்டுவார்களா என்ற இரண்டு பதற்றமும் போச்சு. எங்கள் காலத்து டிஸ்கஷனில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கதவைக் காட்டியிருப்போம்.

ஆனால் அந்த இடத்துக்கு வேறு கேள்வி வந்து உட்கார்கிறது. எதிரே இருக்கிற இத்தனை முகங்களில் திருடன் எது? அதை நாம் துருவிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் எடுத்தது என்ன என்ற பெரிய கேள்வி சத்தமில்லாமல் நம்மைத் தாண்டிப் போகிறது. பார்வையாளர் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கை காலியாக இருந்தால் உங்கள் பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்.

3. ஒரு பொருள் மூன்று வேலை செய்யணும்

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், படத்தின் மூளை இங்கே இருக்கிறது.

நாலு பேர் பெயிண்டர்களாக வருகிறார்கள். ஓவரால், முகமூடி, கறுப்புக் கண்ணாடி. முதலில் வருகிறவன் அகச்சிவப்பு டார்ச்சால் கேமராக்களைக் குருடாக்குகிறான். பெயிண்ட் அடிக்க வந்தவனை வாசலில் யார் நிறுத்திக் கேட்பார்? அந்த உடை செய்த முதல் வேலை இது.

உள்ளே எல்லோரையும் மடக்கியதும் டால்டன் ஒரு காரியம் செய்கிறான். உடுத்தியிருப்பதைக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள் என்று அதே ஓவராலை, அதே முகமூடியைப் பணயக்கைதிகளுக்கும் கொடுக்கிறான். வயதான அம்மா ஒருவர் மாட்டேன் என்று மறுக்கிறார். அவரையும் உள்ளே கொண்டுபோய் மாற்ற வைக்கிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது, அவமானப்படுத்தி அடக்குகிறான் என்றுதான் தோன்றும். அடக்கத்தான் செய்கிறான், அது இரண்டாவது வேலை.

பிறகு கைதிகளை அறை அறையாகப் பிரிக்கிறார்கள், கொஞ்ச நேரம் கழித்து ஆட்களை மாற்றிப் போடுகிறார்கள். மாற்றும் சாக்கில் கொள்ளையர் ஒருவர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கைதிபோல வந்து உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அவரும் பாவம், நம்மைப் போல மாட்டிக்கொண்டவர். கொள்ளையர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதோ ஸ்டீவ், ஸ்டீவோ, ஸ்டீவி. பெயரைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டாலும் பிரயோஜனம் கிடையாது. கடைசியில் புகை கிளம்புகிறது, கதவு திறக்கிறது, எல்லோரும் ஒரே உடையில் ஒன்றாக ஓடி வருகிறார்கள். போலீஸ் மொத்தப் பேரையும் தரையில் படுக்கவைத்துக் கையைக் கட்டுகிறது. யாரைச் சுடுவது, யாருக்குத் தண்ணீர் கொடுப்பது? மூன்றாவது வேலை முடிந்தது.

நுழைய ஒன்று, அடக்க ஒன்று, தப்பிக்க ஒன்று என்று நீங்கள் மூன்று சூழ்ச்சி யோசித்திருப்பீர்கள். மூன்றுக்கும் ஒரே துணி. உங்கள் ஸ்கிரிப்ட்டில் வருகிற சாமான்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு தடவை வந்துவிட்டுக் காணாமல் போகிற சாமானை அடித்துவிட்டு, அதன் வேலையை ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் தலையில் கட்டப் பாருங்கள். பத்தில் நாலு தேறினாலே கதை இறுகிவிடும்.

4. வேலை நடப்பதை வெளிச்சத்தில் காட்டுங்கள்

ஸ்டோர் ரூம் தரையை உடைத்துக் குழி தோண்டுகிறார்கள். படம் அதை ஒளிக்கவே இல்லை, காட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் ஏற்கெனவே பத்துப் படம் பார்த்தவர்கள் ஆயிற்றே, 'ஓகோ, சுரங்கம்' என்று சிரித்துக்கொள்கிறோம். சுரங்கம் இல்லை. என்னவென்று கடைசியில் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வேலை தெரிந்தவர் காலடியில் உட்காருங்கள்

சினிமாவுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வங்கிக் கொள்ளைக் கதை எழுதினேன். தயாரிப்பாளரிடம் சொல்ல நேரம் கிடைத்தது. நாலு மணி நேரம், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். ஹீரோ மேனேஜர் நெற்றியில் துப்பாக்கியை வைத்துச் சாவியைப் பிடுங்கி ஸ்ட்ராங் ரூமைத் திறக்கிற இடம்தான் இன்டர்வெல். மூலையில் தயாரிப்பாளரின் உறவினர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இன்னொரு சாவி?"

"எந்தச் சாவி சார்?"

"மேனேஜர்கிட்ட ஒண்ணு, கேஷ் பாக்குற ஆபீஸர்கிட்ட ஒண்ணு. ரெண்டும் விழுந்தாத்தானேப்பா கதவு திறக்கும்?"

அன்றைக்குச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பினார்கள். வெகுநாள் அந்த மனிதர் மேல் எனக்கு ஆத்திரம். பிறகுதான் உறைத்தது, அவர் கொடுத்தது ஒரு படத்துக்கான கதை. இரண்டு சாவி, இரண்டு மனிதர். ஒருவருக்கொருவர் ஆகாது. இதில் ஒருவர் அன்றைக்கு லீவு. என் ஹீரோவின் துப்பாக்கியைவிட இதில் எவ்வளவு சூடு! நான் அதை விசாரிக்காமல் விட்டேன், சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

6. பெரியவர்களின் கடனைத் தெரியப்படுத்துங்கள்

டால்டன் பஸ் கேட்கிறான், பைலட்டோடு ஜம்போ விமானம் கேட்கிறான். ஃப்ரேஸியருக்குச் சந்தேகம் வருகிறது. விமானம் கொடுக்க மாட்டார்கள் என்று இவனுக்குத் தெரியாதா? 'டாக் டே ஆஃப்டர்நூன்' பார்த்துவிட்டு வந்து நேரத்தைக் கடத்துகிறான் என்று பிடித்துவிடுகிறார். சரியாகத்தான் பிடிக்கிறார். எதற்கு நேரம் என்பதுதான் பிடிபடவில்லை. சுவர் எழுப்ப என்று நமக்கும் அப்போது தெரியாது.

அந்தப் பழைய படம் 1975-இல் வந்தது, சிட்னி லூமெட் எடுத்தது. 1972 ஆகஸ்ட் 22 அன்று புரூக்ளினில் ஒரு வங்கிக் கிளையில் உண்மையாக நடந்த கொள்ளைதான் கதை. வெயில் கொளுத்துகிற நாளாகக் காட்டணும், எடுத்ததோ குளிர் தொடங்கியபின். மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க நடிகர்கள் வாயில் ஐஸ் துண்டைப் போட்டுக்கொண்டு பேசினார்களாம். அல் பசினோவின் திருடனிடம் திட்டம் என்று ஒன்றும் கிடையாது. பெட்டியில் பணம் இல்லை, வாசலில் ஊரே கூடிவிட்டது, அவன் மனசு நம் முன்னால் அவிழ்கிறது. ஸ்பைக் லீ அதே வங்கி, அதே கூட்டம், அதே பீட்ஸாவை எடுத்துக்கொண்டு திட்டமே உருவான ஒருவனை நடுவில் வைக்கிறார். அங்கே பணயக்கைதியாக நடித்த மார்சியா ஜீன் கர்ட்ஸ்தான் துணி மாற்ற மறுக்கும் அந்த அம்மா. அங்கே பீட்ஸா கொண்டுவந்த பையனாக நடித்தவருக்கே இங்கேயும் பீட்ஸா வேலை. வாங்கிய கடனை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வட்டியோடு திருப்பித் தருகிற மாதிரி.

இதிலிருந்து ஒரு கணக்கு. சொதப்பப் போகிற திட்டமாக இருந்தால் முன்கூட்டியே வரைபடம் போட்டு விளக்குங்கள், எங்கே பிசகுகிறது என்று பார்வையாளர் பதறணும். ஜெயிக்கப் போகிற திட்டமாக இருந்தால் வாயைத் திறக்காதீர்கள்.

7. போலீஸை முட்டாளாக்காதீர்கள்

ஃப்ரேஸியர் கெட்டிக்காரர். இன்னொரு வழக்கில் 1,40,000 டாலர் காணாமல் போன பழி அவர் தலையில் இருக்கிறது. அதனால் அவருக்கு இந்த வாசலில் நிற்பதே பெரிய விஷயம். டால்டன் போனில் ஒரு விடுகதை போடுகிறான்: கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக ஒரு வருஷத்தில் போகிற ரயில்கள் எல்லாம் கனமா, புழக்கத்தில் இருக்கிற அமெரிக்க நோட்டையெல்லாம் அடிக்க வெட்டுகிற மரங்கள் கனமா? டாலர் நோட்டு மரக்கூழ்த் தாளில் அச்சாவதில்லை, பருத்தியும் கொஞ்சம் லினனும்தான். மரத்தின் கனம் பூஜ்யம். போலீஸ் வண்டியில் இருப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கிறார்கள். கொள்ளையன் பணத்தைப் பற்றியே தப்பான கேள்வியை நம்மிடம் வீசிவிட்டு வேடிக்கை பார்க்கிறான். மொத்தப் படத்தையும் ஒரு விடுகதைக்குள் மடித்துவைத்த மாதிரி இருக்கிறது. முதல் தடவை எனக்கு அது பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது.

எதிராளி எவ்வளவு உயரமோ, திருடனும் அவ்வளவுதான் உயரமாகத் தெரிவான்.

8. ஊர் வாசனை வேணும்

வெளியே விடப்படுகிற வங்கி ஊழியர் ஒரு சீக்கியர். 2001-க்குப் பிறகான நியூயார்க் அல்லவா, போலீஸ் அவரை அரபு என்று கத்தித் தரையில் தள்ளித் தலைப்பாகையைப் பிடுங்குகிறது. தலைப்பாகை வராமல் பேச மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக உட்கார்ந்துவிடுகிறார்.

இன்னொன்று. பீட்ஸா பெட்டியில் போலீஸ் ஒலிவாங்கி வைத்து அனுப்புகிறது. உள்ளிருந்து புரியாத மொழி கேட்கிறது. தெருவில் கூடிய கூட்டத்துக்கு அதைப் போட்டுக் காட்டினால், கட்டட வேலைக்காரர் ஒருவர் சொல்கிறார்: அல்பேனிய மொழி, என் முன்னாள் மனைவியின் பாஷை. அந்த அம்மா வருகிறார், கூடவே ஒரு பெட்டி நிறைய பார்க்கிங் அபராதச் சீட்டு. இதையெல்லாம் ரத்து செய்தால்தான் மொழிபெயர்ப்பாராம்! கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். செத்துப்போன அல்பேனியத் தலைவர் என்வர் ஹோஜாவின் பழைய சொற்பொழிவு அது. ஒலிவாங்கி வரும் என்று தெரிந்து டேப் போட்டிருக்கிறான் டால்டன். இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்தாயிற்று. அந்த அபராதச் சீட்டுப் பெட்டியை எழுத்து மேஜையில் மட்டும் உட்கார்ந்து யோசித்துவிட முடியாது. அந்த ஊரில் வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்கியிருக்கணும்.

ஊரோடு ஊராக நம் சரக்கும் அதில் இருக்கிறது. டால்டன் பேசி முடித்ததும் டைட்டிலில் ஒலிப்பது ரஹ்மானின் 'சைய்ய சைய்யா'. மணிரத்னத்தின் 'தில் சே', 1998. நமக்கு 'உயிரே' படத்துத் 'தைய தையா'. நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் ஆடிய பாட்டு, மன்ஹாட்டனுக்குப் போகிற கொள்ளை வண்டியை ஓட்டுகிறது. கதைக்கு அதனால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள், அர்த்தம் எதுவும் இல்லை. அந்தத் தாளம் வண்டிக்குச் சக்கரமாக இருக்கிறது, போதாதா?

9. பணத்தைத் தொடாத கொள்ளை

கொள்ளை முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. துப்பாக்கிகள் பொம்மை. கண்முன் நடந்த கொலையும் நாடகம். குற்றமே நடக்காத மாதிரி இருப்பதால் வழக்கை மூடச் சொல்லி மேலிடம் நெருக்குகிறது. ஃப்ரேஸியர் விடாமல் பதிவேடுகளைப் புரட்டுகிறார். 392-ஆம் எண் லாக்கரை மட்டும், வங்கி தொடங்கிய 1948-இலிருந்து எந்தப் பதிவிலும் காணோம். உள்ளே இருந்தவை வைரம், கார்டியே மோதிரம் ஒன்று, வங்கி முதலாளி ஆர்தர் கேஸ் நாஜிகளோடு சேர்ந்து யூதர்களின் சொத்தில் செல்வம் திரட்டியதற்கான காகிதங்கள். முதல் திருட்டு நடந்து அறுபது வருஷம் ஆகிவிட்டது. டால்டன் செய்தது இரண்டாவது.

10. ஓட்டையை எங்கே விடலாம்

'அந்த ஆர்தர் கேஸ் காகிதத்தைக் கொளுத்தியிருக்கலாமே?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். படத்தில் ஒழுங்கான பதில் இல்லை. கேஸாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர் 1929-இல் பிறந்தவர். யுத்த காலத்தில் பள்ளிக்கூடப் பையன், எப்படி நாஜிகளோடு வியாபாரம் செய்திருப்பார்? அதற்கும் பதில் இல்லை. ஜோடி ஃபாஸ்டர் நடித்த மேடலின் வைட், பெரிய மனிதர்களின் அழுக்கைத் துடைக்கிற பெண், ரொம்ப நேர்த்தியான பாத்திரம்தான். ஆனாலும் கொள்ளை முடிந்த பிறகு ஆளுக்கொரு அறைக்குப் போய்ப் பேசுகிற காட்சிகளில் கத்தரி வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

இத்தனையும் இருந்தும் படம் தாங்குகிறது. ஓட்டையெல்லாம் கேஸின் கடந்த காலத்தில் இருக்கிறது, திட்டத்தின் பல்சக்கரத்தில் இல்லை. கிழவனின் மனசு ஏன் அப்படி என்று கேட்டால் 'மனுஷன் அப்படித்தான்' என்று ஒரு ரசிகராவது உங்களுக்காக வாதாடுவார். கதவு ஏன் திறந்தது என்று கேட்டால் வாதாட ஒருவரும் வரமாட்டார். என் இன்டர்வெல் ஞாபகம் இருக்கிறதல்லவா?

11. வாயை மூடிக் கையைக் காட்டுங்கள்

ஜூல்ஸ் டாசின் எடுத்த 'ரிஃபிஃபி', 1955, பிரெஞ்சுப் படம். கொள்ளை நடக்கிற ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு வசனமும் இல்லை, இசையும் இல்லை. கூரையில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகக் குடையை மடித்து நுழைத்துக் கீழே விரிக்கிறார்கள். உதிர்கிற காரை தரையில் விழாமல் குடைக்குள் விழுகிறது. எங்கள் தெருவில் ஒருமுறை மழைக்குக் குடை விரித்தபோது அந்தக் காட்சி ஞாபகம் வந்து நடு ரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் ஆட்டோக்காரர் திட்டினார். வசனம் எழுதத் தெரியும் என்று காட்ட இன்னும் எத்தனையோ இடம் கிடைக்கும், கொள்ளைக் காட்சியில் வேண்டாம்.

12. அடுத்த தடவை வரும்போது

அந்தக் குழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. சுவருக்குப் பின்னால் ஒரு மனிதன் ஒரு வாரம் இருக்கணும். சாப்பாடு, தண்ணீரைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். மற்றது? அதற்குத்தான் தரையை உடைத்தார்கள். நாம் சுரங்கம், பொக்கிஷம் என்று கற்பனை செய்துகொண்டிருந்தது ஒரு கக்கூஸ்.

ஒரு வாரம் கழித்து டால்டன் வங்கியின் முன்வாசல் வழியாகவே நடந்து வெளியே வருகிறான். எதிரே ஃப்ரேஸியர். தோளில் இடித்துக்கொண்டு போகிறான், ஒரு வைரம் அவர் பாக்கெட்டுக்குப் போகிறது. அவர் வீட்டுக்குப் போய்த்தான் அதைப் பார்க்கிறார்.

உங்கள் கதையிலும் யாரோ எங்கேயோ ஒளிந்திருப்பார்கள், கிணற்றிலோ குடோனிலோ லாரியிலோ. எத்தனை நாள் ஒளிந்திருக்கிறார், அத்தனை நாளும் எங்கே போனார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துவிட்டு மிச்சக் கதையைக் கேட்கிறேன். காபி என் செலவு.